ஒரு சாதாரண கிராமபோனின் நியாய விலை

வடமாவூர்ப் பழஞ்சாமான் தெருவில் பதினோரு கடைகளும், அந்தப் பதினோரு கடைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பொய்யும் இருந்த காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இருளாயி என்ற பெண் உரச்சாக்கில் ஒரு கிராமபோனைச் சுமந்துகொண்டு மினி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நான் அந்தத் தெருவின் பதினோராவது கடைக்காரன், பெயர் இபுராம்ஷா. இதை நான் எழுதுகிறேன், சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் குரல் கிடையாது. அது இருக்கும் இடம் எனக்குத் தெரியும், எடுத்து வரத்தான் வழியில்லை.

எங்கள் பொய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் பிறகு ஒட்டுமொத்தமாகத் திட்டிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளை இடிப்பவர்களும் பங்கு பிரிப்பவர்களும் நொடித்துப் போனவர்களும் கொண்டுவரும் கதவு, கடிகாரம், பீங்கான் ஜாடி, பித்தளை விளக்கு எதுவானாலும், தெருமுனையில் இருக்கும் முதல் கடை வயிரவன் செட்டியார்தான் முதலில் விலை சொல்வார், அதுவும் பொருளின் நியாய விலையில் பாதியைத்தான் சொல்வார். விற்க வந்தவர் முகம் சுளித்துப் படியிறங்கியதும் செட்டியார் வாசலுக்கு வந்து தோள் துண்டின் மேல் விரல்களைப் பரப்பி நிற்பார், இரண்டாம் கடைக்காரர் அந்த விரல்களை எண்ணிக்கொண்டு அதைவிட இருநூறு முந்நூறு குறைத்துச் சொல்வார், அவர் விரலைப் பார்த்து மூன்றாம் கடை, மூன்றாம் கடையின் விரலைப் பார்த்து நான்காம் கடை என்று விலை படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். நாலைந்து கடை ஏறி இறங்கினால் யாருக்கும் முதலில் கேட்ட விலை தங்கமாகத் தெரியும், திரும்பி ஓடி வருவார்கள், அப்போதே கொடுத்திருக்கலாமே என்று செட்டியார் இன்னொரு நூறைக் குறைத்து வாங்கிப் போடுவார், லாபம் பொங்கலுக்குப் பதினோரு பங்காகும். எங்கள் பாட்டன்மார் மாட்டுச்சந்தைத் தரகர்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவர்கள், மாடு போய் மரச்சாமான் வந்த பிறகும் அந்த விரல் எங்களை விட்டுப் போகவில்லை. இதற்கு இறங்குவிலை என்று பெயர் வைத்திருந்தோம். திருட்டு என்று யாரும் சொன்னதில்லை, அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் தெருவுக்குள்ளேயே இருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விற்க வருகிறவர்கள் வெறும் பொருளோடு வருவதில்லை, ஒரு காரணத்தையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள், அந்தக் காரணத்தைக் காதில் வாங்கினால் கடை கட்டுபடியாகாது என்பதால், அவர்கள் வாயைத் திறந்ததுமே கையை உயர்த்தி, பொருளைப் பார்ப்போம்மா என்று சொல்லிவிடுவோம். இருளாயிக்கும் அன்று பதினோரு கைகள் உயர்ந்தன.

கிராமபோனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரண்மனைச் சாமானும் இல்லை, அதிசயமும் இல்லை, அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு பேர் வீட்டில் இருந்த வகைதான். தேக்குப் பெட்டி, பாலிஷ் போய் எலும்பு தெரிந்தது. தகரப் புனல், உள்ளே பச்சை வர்ணம், விளிம்பில் துரு. இப்போது வடக்கே செய்து அனுப்புகிற பளபளா பித்தளைப் புனல் போலிகளைப் போல இல்லாமல், புனலின் தையல் கையால் மடித்தது, சவுண்ட் பாக்ஸில் ஒலி எழுப்பும் காக்காப்பொன் தகடு, மைக்கா என்பார்களே அது, கீறலில்லாமல் இருந்தது, சாவியைத் திருகினால் உள்ளே வில் சிக்காமல் ஏறியது. ஏழு வருஷம் அரிசிக்கும் சோற்றுக்கும் பாத்திரம் தேய்த்த ஒரு பெரிய வீட்டில், வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது பாக்கிக் கூலிக்குப் பதிலாக அதை இருளாயியிடம் கொடுத்திருந்தார்கள், இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிராமபோன் என்றால் தெருவில் நான்தான் கெட்டிக்காரன். அவள் என் கடைப் படியில் சாக்கை இறக்கிய கணத்தில் என் மனம் சொன்ன விலை ஏழாயிரம், என் வாய் சொன்ன விலை தொள்ளாயிரம்.

செட்டியார் மூவாயிரத்து ஐந்நூறில் தொடங்கியிருந்தார். மூவாயிரத்து இருநூறு, மூவாயிரம், இரண்டாயிரத்து எழுநூறு என்று இறங்கி இறங்கி என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. பொதுவாகப் பதினோராவது கடை வரைக்கும் யாரும் வருவதில்லை, வந்தாலும் குறைத்துச் சொல்லித் திருப்பி அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். ஆனால் அவள் மணி என்ன என்று கேட்டாள். மூன்று பத்து என்றேன். முதல் கடைக்கே திரும்பிப் போகட்டுமா என்று என்னிடமே கேட்டாள், வேறு யாரிடம் கேட்பாள். அந்தக் காக்காப்பொன் தகட்டின் மேல் எனக்கு ஆசை வந்திருந்தது, பதினோரு பங்கு போடாமல் ஒரே ஆளாக வைத்துக்கொள்ளும் ஆசை, ஆகவே செட்டியார் கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார், ஐந்து மணிக்குத்தான் வருவார் என்று சொன்னேன். செட்டியார் அங்கே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருளாயி தொள்ளாயிரத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, நடந்தாளா ஓடினாளா என்று தெரியாத ஒரு நடையில் போனாள்.

சரியாக நாலு மணிக்கு, ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு மர அலமாரியின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்த வயிரவன் செட்டியாரின் வாய் அசைந்துகொண்டே இருக்கச் சத்தம் மட்டும் நின்றுபோனது. இரண்டாம் கடைக்காரர் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் நின்றது. இப்படி வரிசையாகப் பதினோரு கடைகளிலும் பேச்சு அணைந்துகொண்டே வந்து என்னிடம் முடிந்தது, பிறகு என் கடையில், தட்டும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் சாவியும் கொடுக்காமல் அந்தக் கிராமபோன் தானாகச் சுற்றத் தொடங்கி, செட்டியாரின் குரலில் மூவாயிரத்து ஐந்நூறு என்று சொன்னது. அடுத்தவர் குரலில் மூவாயிரத்து இருநூறு, அதற்கடுத்தவர் குரலில் மூவாயிரம் என்று பதினொன்றையும் வரிசை தப்பாமல் சொல்லிவிட்டு, கடைசியாக என் குரலில் தொள்ளாயிரம் என்று சொல்லி நின்றது. என் குரல் அத்தனை மெலிதானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

காரணம் இரண்டு நாள் கழித்து நடந்தே வந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் வந்து சொன்னார், அந்தப் பெண்ணின் மகளுக்கு விஷக்காய்ச்சலாம், பெயர் வள்ளிமயிலாம், பதினேழு வயதாம், ஊசி மருந்து வெளியே வாங்கி வரச்சொன்னார்களாம், நாலு மணிக்குள் போட்டாக வேண்டுமாம். அவள் தொள்ளாயிரத்தை நீட்டி மீதியை நாளைக்குத் தருகிறேன் என்றாளாம், ஒரு ஊசியை உடைத்துக் கால்வாசி எப்படித் தர முடியும் என்று இவர் கேட்டாராம், நாலு மணிக்கு அந்தப் பிள்ளை போய்விட்டதாம். அதைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெருவின் வாயை மூட ஒரு கிராமபோன் போதுமானதாக இருந்தது. ஆனால் பத்து நாளுக்குமேல் யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள், காது மூக்குத் தொண்டை டாக்டர் பதினோரு தொண்டைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்து எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார், அதன் பிறகு வியாபாரம் நடக்க வேண்டுமே என்று மனைவிமாரும் மகள்களும் கல்லாவுக்கு வந்தார்கள். பெண்கள் வந்ததும் தெரு திருந்தியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் நல்ல மனசுக்கு என் வணக்கம். முதல் மாதம் அவர்கள் நியாயமாகத்தான் வாங்கினார்கள், இரண்டாம் மாதம் மின்சாரக் கட்டணம் வந்தது, மூன்றாம் மாதம் செட்டியாரின் மனைவி சேலைத் தலைப்பின் மேல் விரல்களைப் பரப்பி வாசலில் நின்றாள். கிராமபோன் மற்றப் பொருள்களின் விலையில் தலையிடவில்லை, தன் விலையைத் தப்பாகச் சொன்னவர்களை மட்டும்தான் அது பிடித்து வைத்துக்கொண்டது, ஆகவே அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பழையபடி ஏமாற்றலாம் என்பது தெளிவாகிவிட்டது.

ஆனால் குரல் வியாபாரத்துக்கு மட்டும் என்று நாங்கள் நினைத்திருந்தது தப்பு. நாலாம் கடைக்காரர் மகளின் கல்யாணத்தில் தாரை வார்க்கும் நேரத்துக்குக் கிராமபோனை இரவல் கேட்டு மணவறைக்குத் தூக்கிப் போனார்கள், அப்பன் குரலைப் பிள்ளை ஒரு தடவை கேட்கட்டும் என்று. சாவி கொடுத்ததும் அப்பன் குரல் இரண்டாயிரத்து எழுநூறு என்று ஆசீர்வதித்தது, மகள் அந்த இரண்டாயிரத்து எழுநூறைக் கேட்டு மாலை நனைய அழுதாள். ஏழாம் கடைக்காரர் மாரடைப்பில் செத்தபோது அவர் மனைவி நாற்பது நாளும் என் கடைக்கு வந்து, ஆறு விலைகளைப் பொறுமையாகக் கேட்டுக் கடந்து, ஏழாவதாக வரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கேட்டுவிட்டுப் போனாள். அவர் இருந்தவரை வீட்டில் அன்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்றும், இதாவது கிடைத்ததே என்றும் ரஹ்மத்திடம் சொல்லியிருக்கிறாள்.

ரஹ்மத் என் மகள். அவள் அம்மா மவுத்தான பிறகு என் வீட்டில் இருந்த சத்தம் அவள் ஒருத்திதான். கொஞ்சம் கரகரத்த குரல், காலையில் எழுந்ததும் இன்னும் கரகரக்கும், கோபம் வந்தால் மட்டும் சுத்தமாகிவிடும். அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை குவைத்தில் இருந்தான், பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவை பார்த்ததோடு சரி, மற்றபடி இரண்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்தது அவள் குரல்தான், தினமும் சாயங்காலம் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவான். நான் ஊமையான பிறகு என் கடைக்கும் பெண் இல்லாத இன்னும் இரண்டு கடைகளுக்கும் அவளே வாயானாள். ஒரு நாளும் அவள் என்னைக் குறை சொல்லவில்லை, அந்தப் பெண்ணிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் அத்தா என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள், நான் செட்டியார் சாப்பிடப் போனதாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதிக் காட்டினேன்.

கிராமபோனின் நியாய விலையை யாராவது அதன் முன்னால் சொல்லிவிட்டால் பிடிபட்ட குரல்கள் எல்லாம் திரும்பிவிடும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. யார் முதலில் சொன்னது என்று கேட்காதீர்கள், இந்த மாதிரி விஷயங்களை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. முதலில் வந்தவர் பழம்பொருள் ஏலங்களில் விலை கணிக்கும் ஞானசிகாமணி என்ற பெரிய மனிதர், சென்னையிலிருந்து காரில் வந்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பெட்டியின் அடியில் எண்ணைத் தேடினார், வில்லின் சுற்றை எண்ணினார், இன்றைய சந்தையில் பன்னிரண்டாயிரம் என்றார், காரில் ஏறி டிரைவரிடம் ஊருக்குப் போகலாம் என்று சொல்லப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அடுத்து எங்கள் ஊர் மேடைப் பேச்சாளர் ஒருவர், ஏழைத் தாயின் கண்ணீர் பட்ட இந்தப் பொருளுக்கு விலையே கிடையாது என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். அதுவும் தப்பான விலைதான். அவர் குரல் போனதில் ஊருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். குரல் கூலிக்கு ஆள் பிடித்தோம். விறகு டிப்போவில் மூட்டை தூக்குகிறவன், கோயில் வாசலில் பிச்சை எடுக்கும் கிழவன், சந்தையில் வெங்காயம் பொறுக்கும் ஒருத்தி என்று ஆளுக்கு ஐந்நூறு பேசி, இறங்குவிலையில் இருநூறுக்கு முடித்து, புனலின் முன்னால் நிறுத்தி ஒவ்வொருவரையும் ஒரு விலை சொல்ல வைத்தோம். ஐயாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு, ஆறாயிரம். மூன்று பேரும் இருநூறை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போனார்கள், நாலாவதாக வர ஆள் இல்லை. வெங்காயம் பொறுக்குகிறவளுக்குக் கைக்குழந்தை இருந்தது என்று பிறகு தெரிந்தது, தாலாட்டுக்கு அவள் என்ன செய்தாள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. காரணம் கேட்பதில்லை என்பது எங்கள் வழக்கம் என்று முன்பே சொன்னேன்.

ஒரு வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தெருக்காரர்கள் கூடி எனக்கு ஒரு தாளை நீட்டினார்கள். வாங்கியவன் நீ, கிராமபோன் தெரிந்தவனும் நீ, உனக்கு விலை தெரியும், எழுதி உன் வீட்டு ஆளை வைத்துச் சொல்லச் சொல் என்று அதில் இருந்தது. நான் மறுத்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ரஹ்மத் அதை வாங்கிப் படித்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு சாமானைப் பார்த்ததும் அதன் சரியான விலை எனக்குள் மணி அடித்த மாதிரி கேட்டுவிடும் என்று நானே அவளிடம் பல தடவை பெருமை பேசியிருக்கிறேன், அது உண்மையும்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிராமபோனைக் கடைக்கு நடுவில் வைத்துத் தெரு முழுக்கக் கூடி நின்றது. நான் தாளை எடுத்து ஏழாயிரம் என்று எழுதினேன். அதுதான் அன்று என் மனம் சொன்ன விலை, அதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. எழுதியதும் கை நின்றிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷமாக எழுதிய எந்த விலையிலும் பாலிஷுக்கு இவ்வளவு, வில்லுக்கு எண்ணெய் விட இவ்வளவு என்று கழிவு போடாமல் நான் தாளைக் கீழே வைத்ததில்லை, பெட்டியில் பாலிஷ் போயிருந்தது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, அத்தனை பேர் முன்னால் முழு விலையையும் ஒத்துக்கொள்ள பேச்சில்லாத என் வாய் கூசியது. ஏழாயிரத்தை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று எழுதிக் கொடுத்தேன்.

ரஹ்மத் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தா, அடிச்சிருக்கீங்களே. எதை வாசிக்கணும்?"

நான் அடிக்காததைத் தொட்டுக் காட்டினேன்.

"நல்லா யோசிச்சுத்தானே போட்டீங்க?"

தலையாட்டினேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புனலுக்கு முன்னால் குனிந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாக, ஆறாயிரத்து ஐந்நூறு என்றாள்.

எதுவும் திரும்பி வரவில்லை. செட்டியார் வாயைத் திறந்து மூடிப் பார்த்தார், மற்றவர்களும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார்கள். ரஹ்மத் என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள், அவள் உதடுகள் அத்தா என்று குவிந்து விரிந்தன, அவ்வளவுதான். கிராமபோன் ஒரு சுற்று சுற்றி, அவளுடைய கரகரத்த குரலில் அந்தத் தொகையைச் சொல்லி நின்றது. கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டு கலைந்தது.

குவைத்திலிருந்து அன்று சாயங்காலம் போன் வந்தது. அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள், அவன் ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. விஷயத்தை எழுதி அனுப்பினாள், அவனும் பதில் எழுதினான், ஒரு வாரம் எழுத்தாகப் போய் வந்தது, பிறகு அவன் அத்தா என் வீட்டுக்கு வந்து, பையன் யோசிக்கிறான் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். ரஹ்மத் அழவில்லை. அடித்த ஏழாயிரமும் அடிக்காத ஆறாயிரத்து ஐந்நூறும் இருந்த அந்தத் தாளை அலமாரி மேல் ஒட்டி வைத்து, கடந்து போகும்போதெல்லாம் பார்த்தாள். ஏழாயிரம் என்று சொல்லியிருந்தாலும் அது தப்பாகவே இருந்திருக்கலாம், அவளுக்கும் அது தெரியும். மகளின் குரலை அடகு வைத்த இடத்தில்கூட அத்தா ஐந்நூறு கழித்தார் என்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான், ஒரு வருஷமும் ஐந்து வாரமும் கழிந்த பிறகுதான், விற்க வந்தவளிடம் என்ன விலை வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. மருந்து எவ்வளவு என்று மருந்துக்கடைக்காரரைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை, அவரும் இதற்குள் கடையைக் காலிசெய்துகொண்டு போயிருந்தார். உரச்சாக்கில் கிராமபோனைப் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு, ரஹ்மத்தையும் அழைத்துக்கொண்டு, இருளாயியின் ஊரான கள்ளிவயலுக்கு மினி பஸ் ஏறினேன்.

அவள் முற்றத்தில் ஆட்டுக்குட்டிக்குக் கருவேலங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள், சாக்கையும் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் தாளை எடுத்தேன், அவள் எழுத்துத் தெரியாது என்று கையை விரித்தாள். எனக்கும் பேச்சில்லை, என் மகளுக்கும் பேச்சில்லை, ஆகவே தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அந்தக் கையை அவளிடம் நீட்டினேன். ஆடு விற்கச் சந்தைக்குப் போகிறவளுக்கு அது என்ன கேள்வி என்று தெரியும்.

"ஒரு வருசம் ஆகிப்போச்சு. இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றாள்.

கருவேலங்காய்ப் பிசுக்கைச் சேலையில் துடைத்துவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டாள். என் நாலு விரல்களை முழுசாகப் பிடித்து அழுத்தினாள், முழு விரல் ஒன்றுக்கு ஆயிரம். பிறகு இரண்டு விரல்களின் நுனியை மட்டும் தொட்டாள், நுனி ஒன்றுக்கு நூறு. நாலாயிரத்து இருநூறு, ஊசியின் விலை. செட்டியாரின் விலைக்கும் அதற்கும் எழுநூறுதான் வித்தியாசம், அந்த எழுநூறை எந்த வாசலில் நின்று கேட்டிருந்தாலும் யாராவது கொடுத்திருப்பார்கள், நான் அவளைத் திரும்பிப் போக விட்டிருந்தால். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது, உட்கார்ந்தும் விட்டேன்.

இருளாயி தானே சாக்கை அவிழ்த்துக் கிராமபோனை ஆட்டுத்தொட்டியின் விளிம்பில் நிறுத்தி, சாவி கொடுத்தாள். பதினோரு விலைகளையும் தலையைச் சாய்த்துக் கேட்டாள், முகம் மாறாமல், சந்தையில் நின்று கேட்பது போலவே கேட்டாள். பெரிய மனிதரின் பன்னிரண்டாயிரம் வந்தது, விலையே கிடையாது வந்தது, மூன்று கூலிகளின் குரல்கள் வந்தன, கடைசியில் ஆறாயிரத்து ஐந்நூறு வந்தது.

"இது யாரு? பொம்பளப்புள்ள குரலா இருக்கு."

ரஹ்மத் கையை உயர்த்தினாள். இருளாயி அவளையே வெகுநேரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

"எனக்குப் பேசிக்கிட வீட்டுல யாரு இருக்கா. சொல்லித்தான் பாப்பமே தாயி. உனக்காவது வரட்டும்" என்று ரஹ்மத்திடம் சொல்லிவிட்டு, வாயை முந்தியால் துடைத்துக்கொண்டு, புனலின் அருகில் குனிந்து, நாலாயிரத்து இருநூறு என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். ஆட்டுக்குட்டி கத்தியது. ரஹ்மத் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. இருளாயி அவளிடம் என்னவோ கேட்க வாயைத் திறந்தாள், கேள்வி வரவில்லை. கிராமபோன் ஒரு சுற்று சுற்றி, அவள் குரலில், நாலாயிரத்து இருநூறு என்று சொல்லிவிட்டு நின்றது.

பொருளைத் தட்டிக் கழிக்கிறவர்களை மடக்க எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லும் ஒரு பேச்சு உண்டு, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான், நாளைக்கு வந்தால் கிடையாது என்போம், ஒரு நாளும் அது உண்மையாக இருந்ததில்லை. இதற்கு மட்டும் உண்மையாகிவிட்டது. ஒரு சாதாரண கிராமபோனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணி வரைக்கும் ஒரு நியாய விலை இருந்தது, அதற்குப் பிறகு அதற்கு எந்த விலையும் இல்லை, எந்த ஊர் ஆள் வந்து எந்தத் தொகையைச் சொன்னாலும் இல்லை.

இருளாயி அதிர்ந்துபோகவில்லை. புனலைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அது என் கடைச் சரக்கு, காசு கொடுத்து வாங்கியது, ஆனால் நான் கையை நீட்டவில்லை. ரஹ்மத் கொஞ்ச நேரம் முற்றத்திலேயே நின்றாள். உள்ளே சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது, விலைகள் மறுபடி முதலிலிருந்து இறங்கி வரத் தொடங்கின. அவள் தன் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள், அலமாரியில் ஒட்டியிருந்த அதே தாள், எப்போது பிய்த்தாள் என்று தெரியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, குனிந்து, தன் குரல் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தாள். நான் பொழுது சாயும் வரைக்கும் முற்றத்தில் இருந்தேன். கதவைச் சாத்தவும் இல்லை, அவள் வெளியே வரவும் இல்லை.

திரும்பும் மினி பஸ்ஸில் நடத்துநர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார், போர்டைக் காட்டினேன். எத்தனை என்றார். இரண்டு விரல்களைக் காட்டினேன். அவர் இரண்டு டிக்கெட்டைக் கிழிக்கப் போனவர் நிறுத்தி, என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டார். நான் ஒரு விரலை மடக்கினேன்.